நகையை வைத்துக் கப்பல் எஞ்சின் பங்கு வாங்கலாமா?

கேள்வி: சரக்குக் கப்பலில் செகண்ட் எஞ்சினியராக இருக்கிறேன், ஊர் தூத்துக்குடி. கப்பல் எஞ்சின் புகையைக் குறைக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கும் ஒரு புதிய நிறுவனத்தின் பங்குகள், சந்தைக்கு வரும் முன்பே கிடைப்பதாக மைத்துனர் சொல்கிறார். குறைந்தது 8 லட்சம் போட வேண்டுமாம். மனைவியின் நகைக்கு 12% வட்டியில் கடன் கிடைக்கும். மைத்துனரின் காருக்காக வைத்த நகை வேறு, இரண்டு முறை மறு அடகு வைத்தும் இன்னும் மீளவில்லை. எனக்குத் தெரிந்த துறை என்பதால் ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: 2020 ஜனவரியில் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.50 ஆனதை எஞ்சின் அறையில் நின்று பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு நான் அதைப் பற்றிப் பாடம் நடத்தப்போவதில்லை. காருக்கு வைத்த நகையைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நின்றது.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். 8 லட்சத்துக்கு 12% என்றால் மாதம் 8,000. ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 4.8 லட்சம். விற்கும்போது லாபத்துக்கு 12.5% வரி உண்டு; கட்டிய வட்டியை அதில் கழித்துக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். ஆக, கையைக் கடிக்காமல் வெளியே வரவே அந்தப் பங்கு சுமார் 13.5 லட்சம் ஆக வேண்டும். ஒப்பந்தம் முடிந்து ஊரில் இருக்கும் மாதங்களில் உங்களுக்குச் சம்பளம் வராது. அப்போதும் அந்த 8,000 கட்டியாக வேண்டும்.

துறை தெரியும் என்கிறீர்கள். அப்படியானால் மைத்துனரிடம் ஒன்று கேளுங்கள். பெரிய கப்பல்களின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் வடிவமைப்பு பெரும்பாலும், மேன் என்று நீங்கள் அறிந்த இன்றைய எவர்லென்ஸ், வின்ஜிடி என்ற இரண்டு நிறுவனங்களில் அடங்கிவிடுகிறது. உரிமம் வாங்கிக் கட்டுவது கொரியாவிலும் சீனாவிலும் ஜப்பானிலும். இதில் புதியவருக்கு யார் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள்? அடுத்த எரிபொருள் எல்என்ஜி என்ற திரவ இயற்கை எரிவாயுவா, மெத்தனாலா, அமோனியாவா என்று கப்பல் முதலாளிகளுக்கே இன்னும் தெளிவில்லை. கரியமில வாயுவுக்குக் கட்டணம் விதிக்கும் விதிகளை ஏற்பதை 2025 அக்டோபரில் ஐ.நா.வின் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ ஓராண்டு ஒத்திவைத்தது. இப்படி விதி தள்ளிப்போகும்போது, அதை நம்பி எஞ்சின் விற்பவர்களின் வருமானமும் தள்ளிப்போகும். வட்டி மட்டும் தேதி தவறாமல் வரும்.

'சந்தைக்கு வரும் முன்பே' என்ற இந்தப் புது மோகம் எனக்குப் பிடிப்பதில்லை. பட்டியலிடப்படாத பங்கை விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் தேட வேண்டும். இதில் மைத்துனருக்குத் தரகு உண்டா என்றும் விசாரியுங்கள்; சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள். தவிர, உங்கள் சம்பளமே கப்பலிலிருந்து வருகிறது. சேமிப்பையும் ஏன் அதே கப்பலில் ஏற்றுகிறீர்கள்?

காருக்கான கடனை மைத்துனர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும். அதற்கு அவர் இசையாவிட்டால், அடுத்த ஒப்பந்தத்தின் முதல் மூன்று மாதச் சம்பளத்தில் நீங்களே நகையை மீட்டு, மனைவி பெயரில் லாக்கரில் வையுங்கள். அதன் பிறகும் எஞ்சின் ஆசை விடவில்லை என்றால், பட்டியலிடப்பட்ட ஏதாவது ஒன்றில் சொந்தப் பணம் 50,000 வரை போட்டுப் பாருங்கள்.

மைத்துனரிடம் மறுக்க வாய் வரவில்லையா? ஆலோசகர் கூடாது என்கிறார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள். நான் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டியவன் அல்ல.