திவசத்துக்கு யாழ்ப்பாணம் போகேக்க வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகத்தான் வேணுமோ, வழியில வாங்கினால் காணாதோ?

கொழும்பில இருந்து ஆறு பேர், ரெயினில, அம்மப்பாவின்ர ஆட்டத்திவசத்துக்கு, அதுதான் முதலாவது வருசத் திவசத்துக்கு, போறம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். கட்டிக்கொண்டு போங்கோ. எங்கட கதையைச் சொல்லுறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

2018 இல அம்மம்மாவின்ர முதலாவது திவசம். திவசம் திதியைப் பாத்துத்தானே வாறது, செத்த இங்கிலீஷ் திகதியில இல்ல, அதிலயும் ஊரில ஒரு ஆக்கள் வாக்கிய பஞ்சாங்கம், மற்ற ஆக்கள் திருக்கணிதம், அதால நாள் முடிவாகவே எங்களுக்கு ரெண்டு கிழமை போட்டுது. அதுக்குப் பிறகுதான் மாமா ரொரன்ரோவில இருந்தும் சித்தி லண்டனில இருந்தும் ரிக்கெட் போட்டவை. ரெண்டு பேரும் கொழும்பு வெள்ளவத்தையில எங்கட வீட்டில வந்து நிண்டு, பேந்து எல்லாரும் ஒண்டா யாழ்தேவி ரெயினில போறது எண்டு பிளான்.

மாமாதான் திவசம் குடுக்கிறவர். எங்கட வீட்டு வழக்கத்தில திவசம் குடுக்கிறவர் முதல்நாள் ஒருநேரம்தான் சாப்பிடுறது, கடைச்சாப்பாடு தொடுறேல்ல, வீட்டில மற்ற ஆக்களும் சைவம். அந்த முதல்நாள்தான் ரெயினில போறம். (உங்கட வீட்டிலயும் அப்பிடியோ எண்டு ஐயரிட்ட இப்பவே கேட்டு வையுங்கோ, கடைசி நேரத்தில கேட்டால் கரைச்சல்.) பொல்காவலை, மாகோ எண்டு போகப் போக ‘வடே வடே, இஸ்ஸோ வடே’ எண்டு கூடையோட ஏறுவினம், என்ர மகளுக்கு அப்ப பத்து வயசு, அந்த றால் வடையை விட்டுட்டு இருக்க அவளுக்குப் பெரிய கஷ்டம்.

அம்மா கட்டினது ரொட்டியும் இடிச்ச சம்பலும். விடிய மூண்டு மணிக்கு எழும்பி, செத்தல் மிளகாயைக் கருகவிடாமல் பொரிச்சு, தேங்காய்ப்பூவை வெறுஞ்சட்டியில ஈரம் போக வறுத்து, உப்பு, கொட்டை எடுத்த பழப்புளி எல்லாம் போட்டுச் சின்னக் கல்லுரலில இடிச்சு உருண்டை பிடிச்சா. பிளாட்டில அந்த நேரத்தில உரல் இடிச்சால் கீழ்வீட்டுக்குக் கேக்கும், அதால உரலுக்குக் கீழ தலையணையை வச்சு இடிச்சவ. மிக்சியில அடிக்கலாம்தானே எண்டு நான் கேட்டதுக்கு, அடிச்சால் அது தூள், சம்பல் இல்ல எண்டிட்டா. ஒரு சொட்டுத் தண்ணி படாட்டி ரெண்டு மூண்டு நாளைக்கு ஒண்டும் செய்யாது, அதால பழைய காலத்தில பயணம் எண்டால் இந்தச் சம்பல்தான்.

இது அம்மம்மா அம்மப்பாவுக்குக் கட்டிக் குடுத்த சாப்பாடு எண்டு எனக்கு ரெயினில வச்சுத்தான் தெரியும். அம்மப்பா கொழும்பில கிளாக்கரா இருந்தவர், லீவுக்கு வீட்டை வந்திட்டு ஞாயிற்றுக்கிழமை இரவு மெயில் ரெயினில திரும்பிப் போறவராம். மாமா சொன்னார், பார்சல் கட்டி முடியப் பிந்திப்போனால் அம்மப்பா முன்னால சைக்கிளில போயிடுவாராம், பின்னால பார்சலைக் கொண்டுபோய் யாழ்ப்பாணம் ஸ்டேஷனில குடுக்கிறது மாமாவின்ர வேலையாம், பன்ரண்டு வயசுப் பெடியன், கோண்டாவிலில இருந்து ஒரே மிதி. ‘பார்சல் சூடா இருக்கும், வயித்தோட அணைச்சுக்கொண்டு ஒரு கையாலதான் ஓடுவன்’ எண்டார். மாமா என்னோட இவ்வளவு நேரம் கதைச்சதே அண்டைக்குத்தான், நாற்பது வருசமாக் கனடாவில, போனில ‘எப்பிடி சுகம்’ எண்டதோட முடிஞ்சிடும்.

அனுராதபுரம் தாண்டித்தான் இலையை அவிழ்த்தம். தணலில வாட்டின வாழையிலை, அவிழ்க்கேக்க ரொட்டியில ஒரு பச்சை வாசம் ஏறியிருக்கும், ரொட்டி ஓரம் சம்பல் எண்ணெயில சிவந்திருக்கும். அம்மா வெட்டுறேல்ல, கையாலதான் பிச்சுப் பிச்சுத் தருவா. சித்தி ஒரு துண்டை வாங்கிக் கையிலயே வச்சுக்கொண்டு யன்னலுக்கால பாத்துக்கொண்டே இருந்தவ. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, எல்லாம் போச்சு, அவ சாப்பிடேல்ல. 25 வருசத்துக்குப் பிறகு வாறா, செத்தவீட்டுக்கும் வரேலாமல் போச்சு, அதுதான் எண்டு நாங்கள் ஒண்டும் கேக்கேல்ல.

ஆனையிறவில ரெண்டு பக்கமும் கடல்நீரேரி வந்துது. அப்பத்தான் சித்தி, ‘அக்கா, இந்தத் தண்ணிதானே’ எண்டா.

சித்தி ஊரை விட்டு வந்தது 1993 இல, கிளாலியால. இப்ப இருக்கிற பிள்ளையளுக்கு விளங்காது: சண்டையால 1990 யூனோட யாழ்ப்பாண ரெயின் நிண்டுது, யாழ்தேவி திரும்பி யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடினது 2014 ஒக்ரோபரில. அந்த நேரம் வெளியில வாறதெண்டால் இரவில கிளாலியில வள்ளம் ஏறி இந்த நீரேரியைக் கடக்கவேணும், வெளிச்சம் ஒண்டும் இல்லாமல், சுடுவாங்களோ எண்ட பயத்தோட. அம்மம்மா அண்டைக்கும் ரொட்டியும் இடிச்ச சம்பலும்தான் கட்டிக் குடுத்தவவாம். வள்ளத்துக்குள்ள தண்ணி அடிச்சு பை முழுக்க நனைஞ்சுபோச்சு. கரையில இறங்கி அவிழ்த்துப் பாத்தால் ரொட்டியெல்லாம் உப்புத்தண்ணியில ஊறிக் களியாக் கிடந்திருக்கு. சித்தி அதை அங்கயே எறிஞ்சிட்டா. கொழும்புக்கு வந்து சேந்து ஒரு மாசம் கழிச்சு, ஆரோ ஒராளின்ர கையில அம்மம்மாவின்ர கடிதம் வந்துது, அப்ப ஊரில போன் ஏது. கடிதத்தில கேட்டது ஒண்டுதானாம், ‘ரொட்டி பழுதாகேல்லையே, சாப்பிட்டனியோ’. சித்தி சாப்பிட்டன் எண்டு எழுதினவ. பேந்து லண்டன் போய், போன் வந்து, வைபர் வந்து, கிழமைக்குக் கிழமை கதைச்சும் அந்தப் பொய்யைத் திருத்தவே இல்லையாம்.

‘எறிஞ்சிட்டன் அக்கா’ எண்டு மட்டும்தான் சொன்னவ, பிறகு அழுகை. மாமா எழும்பி வாசல்பக்கம் போயிட்டார். அம்மா ஒண்டும் சொல்லேல்ல, சித்தியின்ர கையில கிடந்த காஞ்சுபோன துண்டை வாங்கித் தான் சாப்பிட்டா, பார்சலில இருந்து புதுசா ஒரு பாதி பிச்சு, சம்பல் வச்சு, சித்தியின்ர வாயிலயே வச்சா. பளை வரேக்க சித்தி ரெண்டு ரொட்டி முடிச்சிட்டா.

ஒரே வீட்டில நாலு நாள் நிண்டும் வராத கதை அது. வீட்டில எண்டால் ஆரும் வருவினம், போன் அடிக்கும், குசினியில வேலை கிடக்கும். ரெயினில ஏழெட்டு மணித்தியாலம் எழும்பிப் போக இடமில்லை, கையில அம்மம்மாவின்ர சாப்பாடு.

திவசம் மற்ற வீடுகளில நடக்கிற மாதிரித்தான் நடந்தது. காகம் சோறெடுக்கக் கொஞ்சம் பிந்தினது, அதுக்குள்ள மாமா மூண்டு தரம் வெளியில போய்ப் பாத்திட்டார்.

சித்தி திரும்பிப் போகேக்க ஹோர்லிக்ஸ் போத்தல் ஒண்டு நிறைய இடிச்ச சம்பல் கொண்டுபோனவ. இப்பவும் தானே இடிக்கேக்க வாட்ஸ்அப்பில படம் எடுத்து அனுப்பி, மிளகாய் இந்த நிறம் காணுமோ எண்டு அம்மாட்டக் கேப்பா.

உங்களுக்கு: ஆறு பேருக்கு எண்டால் ஒராளுக்கு மூண்டு ரொட்டிப்படி போட்டு, மேல நாலைஞ்சு கூடச் சுடுங்கோ. பிளேன்ரீ ரெண்டு பிளாஸ்க். வாழையிலை வெள்ளவத்தை மார்க்கெட்டில முதல்நாளே வாங்கி வையுங்கோ, வாட்டாமல் கட்டினால் மடிப்பில கிழிஞ்சிடும். உங்கட அம்மப்பாவுக்குப் பயணத்தில என்ன கட்டிக் குடுத்தவை எண்டு அம்மாட்ட ஒருக்காக் கேட்டிட்டு, அதையே கட்டுங்கோ.