கார்ல் போனதோட முடிச்சிருக்கணும்

அண்ணே வணக்கம்,

மன்னார்குடிலேர்ந்து எழுதுறேன். தி வாக்கிங் டெட்ங்கற அமெரிக்க ஜாம்பி சீரிஸ காலேஜ் படிக்கும்போது ஆரம்பிச்சு, விட்டு விட்டு பாத்து, போன மாசம்தான் 177 எபிசோடும் முடிச்சேன். முடிச்சதும் சந்தோஷமே வரல, ஒரு மாதிரி வெறுப்பா இருந்திச்சு. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அதுல முக்கியமான ஆளான க்ளென் செத்த அன்னிக்கே பாக்குறத விட்டுட்டாங்க, அங்கயே முடிச்சிருக்கணும்னு இன்னைக்கும் சொல்றாங்க. இதுல உங்க கருத்து என்ன? எங்க முடிச்சிருக்கணும்? இப்ப என் தங்கச்சி முதல் சீசன் ஆரம்பிச்சிருக்கா, அவகிட்ட என்ன சொல்றதுன்னும் தெரியல.

ஒரு வாசகர், மன்னார்குடி

தம்பிக்கு,

உங்க ஃப்ரெண்ட்ஸ் கோவம் எனக்கு நல்லாவே புரியுது, ஆனா க்ளென் சாவோட கதை முடியல. அது சீரிஸுக்கு மூலமான காமிக்ஸ்லயே 100வது இதழ்ல, 2012லயே வந்துட்ட சாவு, அதே வில்லன் நீகன், அதே முள்கம்பி சுத்துன மட்டை. டிவிக்காரங்க பண்ண தப்பு வேற. 2016 ஏப்ரல்ல ஆறாவது சீசன் கடைசில நீகன் மட்டைய ஓங்கி யாரையோ அடிக்கிறத காட்டிட்டு, அடி வாங்குனது யாருன்னு சொல்லாம அக்டோபர் வரைக்கும் ஜனங்கள காக்க வச்சாங்க, ஒரு சாவ விடுகதையாக்கிட்டாங்க. நம்ம பக்கம் எழவு சேதி சொல்ல வர்றவங்க கூட யாரு போனதுன்னு முதல்ல சொல்லிட்டுதான் அழுவாங்க. அந்த மரியாதை கூட க்ளெனுக்கு கிடைக்கலையேன்னுதான் எனக்கு வருத்தம். ஐஞ்சாவது சீசன் முதல் நாள் அமெரிக்காவுல மட்டும் 1 கோடியே 73 லட்சம் பேர் பாத்த சீரிஸ், 2022 நவம்பர்ல முடியும்போது நேரடியா பாத்தவங்க 20 லட்சம் சொச்சம்தான். இறக்கம் அந்த விடுகதைக்கு அப்புறம்தான் வேகமாச்சு.

ரொம்ப நீளமா போச்சு அதான் கெட்டுச்சுன்னு சிலபேர் சொல்றாங்க, அதயும் நான் ஒத்துக்கமாட்டேன். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்த மணிக்கணக்கா வாசிச்சவரு, கோயில் வாசல்ல ஜனம் எழுந்திருக்காம உக்காந்து கேட்டுச்சுன்னு எங்க தாத்தா சொல்லி கேட்டிருக்கேன். எவ்வளவு தூரம் போனாலும் அது தோடியாவே இருந்திச்சு, அவ்வளவுதான்.

இந்த கதையோட தோடி எது? முதல் எபிசோட நினைச்சு பாருங்க, கதாநாயகன் ரிக் ஆஸ்பத்திரில கண்ணு முழிக்கிறாரு, ஊரே பொணமா கெடக்கு, அந்த மனுஷன் தேடுறது பொண்டாட்டி புள்ளைய. ஒலகம் எப்படி அழிஞ்சிச்சு, நோய் எங்கேர்ந்து வந்திச்சு, அதெல்லாம் கதைக்கு ரெண்டாம் பட்சம். இப்படி ஒரு ஒலகத்துல ரிக்கோட மகன், இந்த சின்னப்பய கார்ல் மனுஷனா வளருவானா மிருகமா வளருவானா, கதை பூரா இந்த ஒரு கேள்விதான். மூணாவது சீசன்ல தங்கச்சி ஜூடித் பொறந்த கையோட, செத்த தாய் ஜாம்பியா எழுந்திருக்கக் கூடாதுன்னு அவள சுட வேண்டியதா போகுது அவனுக்கு, அதே சீசன் முடியும்போது துப்பாக்கிய ஒப்படைக்க வந்த ஒரு பையனயே சுட்டுர்றான். அத கேட்டுட்டு ரிக் என்ன பண்றாரு? நாலாவது சீசன் ஆரம்பத்துல துப்பாக்கிய கழட்டி வச்சுட்டு ஜெயில் வேலிக்குள்ள மண்ண வெட்டி வெள்ளாமை பண்றாரு, பையனயும் கூடவே வச்சுகிட்டு. ஒரு சம்சாரி வீட்டு புள்ளையா அத பாத்தப்ப எனக்கு தொண்டை அடைச்சிடிச்சு.

இதோட இன்னொன்னு சொல்லணும். எங்க ஊரு பேராவூரணி பக்கம், கல்லணைக் கால்வாய் கடைமடை. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் வந்தப்ப எங்க தென்னந்தோப்புல நின்ன மரம்னு கைவிட்டு எண்ணிடலாம், மத்ததெல்லாம் வேரோட சாஞ்சும் நடுவுல முறிஞ்சும் கெடந்துச்சு, 20 நாளுக்கு மேல கரண்ட் இல்ல. எங்க அப்பாவுக்கு அப்ப 68 வயசு. விழுந்த மரத்த அப்புறப்படுத்தி முடிக்கவே மாசக்கணக்காச்சு, அது முடிஞ்ச மறுவாரமே நெட்டை கன்னு வாங்கியாந்து குழி வெட்ட ஆரம்பிச்சிட்டாரு. நெட்டை காய்ப்புக்கு வர ஆறேழு வருசம் ஆகும், இந்த வயசுல எதுக்குப்பா குட்டை ரகம் வச்சாலே போதுமேன்னு கேட்டேன். அவரு எனக்கு பதிலே சொல்லல, வாசல்ல வெளையாடிகிட்டு இருந்த என் பையன பாத்தாரு, திரும்ப மம்புட்டிய எடுத்துகிட்டாரு. தென்னங்கன்ன தென்னம்பிள்ளைன்னு சொல்றோமே, அந்த பேரு எனக்கு அன்னிக்குதான் காதுல விழுந்துச்சுன்னு சொல்லணும்.

அதனாலதான் தம்பி, 2018 பிப்ரவரில கார்ல் பயல சாகடிச்சப்பவே இது முடியப்போற கதைன்னு நான் நினைச்சேன். சித்திக்குங்கற வழிப்போக்கனுக்கு ஒதவப்போய் ஜாம்பிகிட்ட கடி வாங்குறான், சாகறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தருக்கா கடிதம் எழுதுறான், நீகனுக்கு கூட. சண்டைய நிறுத்துங்கன்னு அப்பாகிட்ட கேட்டுட்டு போறான். ஏப்ரல்ல எட்டாவது சீசன் கடைசில ரிக் நீகன் கழுத்த அறுத்துட்டு, அதே சித்திக்க கூப்ட்டு காப்பாத்த சொல்றாரு. செத்துப்போன மகனுக்கு கடிதமா சொல்றாரு, சின்ன கார்லோட கைய புடிச்சு நடந்த பழைய நாள நினைக்கிறாரு. முதல் சீசன்ல கேட்ட கேள்விக்கு அங்க பதில் வந்துடுச்சு, பையன் மனுஷனா வளந்துட்டான், அப்பனயும் மனுஷனா திருப்பி கொண்டாந்துட்டான். அந்த எடத்துல தெரைய போட்டிருந்தா இந்த சீரிஸ நான் கோயில் கட்டி கும்புட்டிருப்பேன்.

போடல. அதே வருசம் நவம்பர் 4ஆம் தேதி, கஜாவுக்கு 12 நாள் முன்னாடி, ரிக்கும் பாலத்த வெடிக்க வச்சுட்டு போயிட்டாரு, செத்தாருன்னு நாம அழுது முடிக்கறதுக்குள்ள ஹெலிகாப்டர்ல தூக்கிட்டும் போயிட்டாங்க. அதுக்கப்புறமும் நாலு வருசம் ஓட்டுனாங்க. காமிக்ஸ்ல லிடியாங்கற பொண்ணோட வர்ற காதல் கதை கார்லோடது, டிவில அத ஹென்றிங்கற வேற பையனுக்கு குடுத்து அவனயும் கொன்னாங்க. கார்ல் போட்டிருந்த தொப்பிய ஜூடித் தலையில வச்சாங்க. ஆளு போன வீட்டுல அவரு சட்டைய இன்னொருத்தருக்கு போட்டுவிட்டு பாக்குற மாதிரி இருந்திச்சு எனக்கு.

காமிக்ஸ் எழுதுன கிர்க்மேன் அத எப்படி முடிச்சாருன்னு பாருங்க. 2019 ஜூலைல 193வது இதழ், முன்கூட்டி யாருக்கும் சொல்லல, இன்னும் வரும்னு நம்ப வைக்க அடுத்த இதழ்களுக்கு அட்டைப்படம் கூட தயார் பண்ணி விளம்பரம் வந்துச்சு. 192ல ரிக் சாகறாரு, 193ல கார்ல் பெரியாளாகி மடியில மகள வச்சு புஸ்தகம் படிச்சு காட்டுறான். அந்த முடிவுக்கு வேண்டிய ஆளத்தான் டிவிக்காரங்க ஒன்ற வருசம் முன்னாடியே பொதச்சிட்டாங்க.

அதுக்காக பின்னாடி வந்தது எல்லாம் குப்பைன்னு சொல்ல மனசு வரல. ஏஞ்சலா காங் சீரிஸ நடத்துற பொறுப்பேத்த ஒன்பதாவது சீசன்ல வில்லி ஆல்ஃபா வர்ற பகுதி நெஜமாவே பயமுறுத்திச்சு, கடைசி எபிசோட்ல ரிக் கூட்டத்து ரோசிட்டா சாகறப்ப நான் அழுதேன். நீங்க செலவழிச்ச நேரம் வீண்னு நினைக்காதீங்க.

தங்கச்சிகிட்ட எட்டாவது சீசன் வரைக்கும் பாக்க சொல்லுங்க. ஆறாவது முடிஞ்சதும் ஏழாவதோட முதல் எபிசோட அன்னிக்கே பாத்துரட்டும், நாம காத்திருந்த மாதிரி அவ காத்திருக்க வேணாம். எட்டு முடிஞ்சதும் அந்த 193வது இதழ எங்கயாவது தேடி புடிச்சு அவ கையில குடுங்க, படிச்சுட்டு என்ன சொன்னான்னு எனக்கு எழுதுங்க.