கடன் வாங்கி கேம்பர் வேன்: மலைக்குப் போக இதுதான் வழியா?

கேள்வி: ஈரோட்டில் தனியார் நிறுவனத்தில் வேலை. மனைவியும் வேலைக்குப் போகிறார். இருவருக்கும் சேர்த்துக் கையில் வருவது மாதம் 72,000 ரூபாய். வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் போக 20,000 மிஞ்சும். வங்கியில் 3.4 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. சொந்தக் கார் இல்லை. அடுத்த மே மாதம் மகளோடு ஹிமாச்சல் போய், மணாலி வழியாக ஸ்பிதி பள்ளத்தாக்கைச் சுற்றி வர ஆசை. ஹோட்டல் செலவு கட்டுப்படியாகாது என்பதால், பழைய ஈக்கோ வேன் ஒன்றை 3.6 லட்சத்துக்கு வாங்கி, 1.9 லட்சத்தில் படுக்கை, சிங்க், அடுப்பு வைத்து கேம்பராக மாற்றலாம் என்று திட்டம். எஃப்.டி.யில் 2.5 லட்சம் எடுத்து, மீதி 3 லட்சத்துக்குத் தனிநபர் கடன் (14 சதவீதம், 3 ஆண்டு) வாங்கலாமா? இதே மாதிரி கேம்பர் வேனை வாடகைக்குக் கேட்டால், சண்டிகரில் டிரைவரோடு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய், டீசல் தனி என்கிறார்கள்.

பதில்: போய் வாருங்கள். வேன் மட்டும் வாங்க வேண்டாம்.

ஹோட்டல் வாடகை மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். வேன் வீட்டு வாசலில் நிற்கும் நாட்களின் செலவு அந்தக் கணக்கில் வரவில்லை. 3 லட்சம் கடனுக்கு மாதத் தவணை சுமார் 10,250 ரூபாய். உங்கள் மாத மிச்சத்தில் பாதிக்கு மேல் மூன்று ஆண்டுக்கு அதிலேயே போய்விடும். வட்டி மட்டும் 69,000, அதாவது ஆண்டுக்கு 23,000. மூன்று ஆண்டு கழித்து விற்கப் போனால், வாங்குகிறவர் உங்கள் சிங்க்குக்கும் கட்டிலுக்கும் காசு தரமாட்டார். அதைக் கழற்ற ஆகும் கூலியை விலையில் குறைக்கச் சொல்வார். 2.5 லட்சம் கிடைத்தால் நல்ல விலை. அப்படியானால் மதிப்பு இழப்பு ஆண்டுக்கு ஒரு லட்சம். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் வகையில் ஒரு 30,000 வையுங்கள். எஃப்.டி.யை உடைப்பதால் போகும் வட்டி 16,000. ஆக, பெட்ரோல் போடாமலே ஆண்டுக்கு 1.69 லட்சம்.

லீவு, வார இறுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 25 நாள் வேனில் போவீர்கள் என்று தாராளமாகவே வைத்தாலும், ஒரு நாளைக்கு 6,760 ரூபாய் விழுகிறது. டிரைவரோடு வரும் வாடகை வண்டிக்குக் கிட்டத்தட்ட அதே காசு. ஆண்டுக்கு 60 நாள் ஊர் சுற்றுகிறவருக்கு இதே வேன் நாளுக்கு 2,800 ரூபாய்தான் ஆகும். அவர் கேட்டிருந்தால் வாங்குங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். மாதச் சம்பளக்காரருக்கு அத்தனை லீவு எங்கே கிடைக்கிறது?

அப்புறம் சட்டம். ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது. ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் சீட்டைக் கழற்றி சிங்க் பொருத்தினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்க இடமிருக்கிறது. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் என்றால், மலையில் விபத்து நடந்த பிறகு கிளெய்மை மறுக்க அவர்களுக்கு அதுவே காரணமாகிவிடும். ‘எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க சார்’ என்று ஒர்க்‌ஷாப்காரர் சொல்வார். கிளெய்ம் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்.

தூரத்தையும் பாருங்கள். ஈரோட்டிலிருந்து மணாலி ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். போக வர பத்து நாள் சமவெளி வெயிலிலேயே கழியும், அதுவும் மே மாதத்தில். இன்னொன்று, மணாலிக்கும் ஸ்பிதிக்கும் நடுவே உள்ள குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பனியை அகற்றி அதைத் திறக்கப் பொதுவாக மே கடைசி, ஜூன் ஆகிவிடும். மகளின் லீவு அதற்குள் முடிந்துவிடும்.

அதனால் ஸ்பிதியைத் தள்ளிவைத்து, ஹிமாச்சலிலேயே உள்ள கின்னௌர் போகலாம் என்பது என் யோசனை. சிம்லா, சாங்லா, சித்குல், கல்பா. சண்டிகரில் கிளம்பித் திரும்ப 800 கிலோமீட்டர், ஏழு நாள். மே மாதத்துக்கு ஏற்ற இடம், உயரமும் படிப்படியாகத்தான் ஏறும். மூன்று பேருக்கும் ரயில் போக வர 22,000 ஒதுக்குங்கள். வாரம் ஒருமுறை ஓடும் கொங்கு எக்ஸ்பிரஸ் ஈரோட்டிலிருந்தே டெல்லி நிஜாமுதீன் போகிறது, அங்கிருந்து சண்டிகருக்கு வேறு ரயில் பிடிக்கவேண்டும். வேன் 52,500. மலையில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்தால் டீசல் 9,000. சாப்பாட்டுக்கு 12,000. இரவு நிறுத்தவும் டிரைவர் தங்கவும் 5,000. தொடாமல் வைத்திருக்க 10,000. மொத்தம் 1,10,500.

இரவில் நிறுத்தக் காசா என்று கேட்பீர்கள். ஹோம்ஸ்டே முற்றத்தில் நானூறு ஐநூறு கொடுத்து நிறுத்தினால் கழிப்பறையும் வெந்நீரும் கிடைக்கும். இலவசம் என்று ஆற்றங்கரையில் மட்டும் நிறுத்தாதீர்கள். இந்த வழியில் ஓடும் சட்லெஜ் நதியில் நாத்பா, கர்ச்சம் அணைகள் இருக்கின்றன, திறந்தால் தண்ணீர் சட்டென்று ஏறும். 2014 ஜூனில் பியாஸ் நதியில் லார்ஜி அணையைத் திறந்தபோது 24 மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

வெளியே சாப்பிடுவதைக் குறைக்கச் சமைக்கத்தான் வேண்டும். சித்குல் 3,450 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 90 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடும். சாதாரணப் பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, கேஸ்தான் தீரும். வீட்டுச் சின்னக் குக்கரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டர் ரயிலில் கொண்டுபோகக் கூடாது, வேன்காரரே தருவாரா என்று கேளுங்கள். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுக் கதவை மூடித் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

பணத்துக்கு வழி இதுதான். 3.4 லட்சம் எஃப்.டி. உங்கள் ஆறரை மாதக் குடும்பச் செலவு. வேலைக்கு ஏதாவது ஆனால் கைகொடுக்கப் போவது அதுதான், அதைத் தொடவேண்டாம். ஜூனில் மாதம் 12,000 ரூபாய்க்கு ஒன்பது மாத ஆர்.டி. தொடங்குங்கள். ஆறரை சதவீத வட்டி கிடைத்தால் மார்ச் தொடக்கத்தில் 1,10,900 ரூபாய் கைக்கு வரும். மாதம் 8,000 வழக்கமான சேமிப்புக்கும் மிஞ்சும்.

வாடகை வேனின் நம்பர் பிளேட்டைப் படம் அனுப்பச் சொல்லுங்கள். டிரைவரோடு வருவது மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தாக இருக்கவேண்டும். வெள்ளை பிளேட் சொந்த உபயோக வண்டி, விலை குறைவு என்று அதில் ஏறாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், தாண்டினால் என்ன கட்டணம், ஹிமாச்சல் நுழைவுக் கட்டணம் யார் தலையில், மண் சரிந்து ஒரு நாள் கூடுதலாக நிற்க நேர்ந்தால் முழு வாடகையா, டிரைவர் எங்கே படுப்பார்? இதற்கெல்லாம் பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. முதல் ராத்திரி பத்து மணிக்கு அதுதான் பெரிய பிரச்சினையாக நிற்கும்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், ஆகவே மே முதல் வாரத்துக்கு மார்ச் முதல் வாரத்தில் டிக்கெட் போடலாம். டிக்கெட் உறுதியான பிறகு வேனுக்கு முன்பணம் அனுப்புங்கள், அதுவும் கால் பங்குக்கு மேல் வேண்டாம்.