மலையில்லா ஊரிலிருந்து மலைப் போட்டிக்கு: கேள்வி பதில்

நம்ம பக்கத்துச் சைக்கிள்காரர்களில் சிலர், வருகிற தை மாசி வாக்கில் மலைப் பக்கம் ஒரு நெடுந்தூர மவுண்டன் பைக் போட்டிக்கு முதன்முறையாகப் பேர் கொடுக்கப் போகிறார்கள். அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. தூரம் 60 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 1,500 மீட்டர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். உலக சைக்கிள் அமைப்பான யூ.சி.ஐ. தன் மாரத்தான் பிரிவுக்கு வைத்திருக்கிற அளவே 60 முதல் 160 கிலோமீட்டர்வரைதான். ஆக நாம் வாசல்படியில் நிற்கிறோம்.

தேவகோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணே, ஞாயித்துக்கிழமை தார் ரோட்டுல 30 கிலோமீட்டர் ஓட்டுவேன். ஆறு மாசம் போதுமா? தினமும் மிதிக்கணுமா?

தாராளமாகப் போதும் தம்பி. தினமும் வேண்டாம், வாரத்துக்கு நாலு நாள் போதும். ஒரு நாள் கடினமாக: உடல் சூடேறிய பிறகு ஐந்து நிமிடம் மூச்சு வாங்க மிதித்து, நாலு நிமிடம் மெதுவாக விட்டு, இப்படி நாலு தடவை. ஒரு நாள் ஒரு மணி நேரம் சும்மா உருட்டல். சனிக்கிழமை மண்பாதையில் வண்டியைக் கையாளும் பழக்கம். ஞாயிறு நீண்ட ஓட்டம்.

அந்த ஞாயிறு ஓட்டத்தைக் கிலோமீட்டரில் எண்ணாதே, மணிக்கணக்கில் எண்ணு. தார் ரோட்டில் 30 கிலோமீட்டர் என்பதும், ஆத்தங்குடிப் பக்கம் சரளைமண்ணில் 30 கிலோமீட்டர் என்பதும் ஒன்றா? இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்து, வாரம் பதினைந்து இருபது நிமிடம் கூட்டிக்கொண்டே போ. ஒவ்வொரு நாலாவது வாரமும் மொத்தத்தையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடு. அந்த வாரத்தில்தான் உடம்பு தேறும், நம்ம பையன்கள் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். போட்டிக்கு உனக்கு ஐந்து அல்லது ஆறு மணி நேரம் ஆகும். பயிற்சியில் நாலரை மணி நேரத்தைத் தொட்டுவிட்டால் போதும், முழு நேரத்தையும் ஒத்திகை பார்க்க வேண்டியதில்லை.

வேகம் எவ்வளவு என்று அடுத்து கேட்பாய். பக்கத்தில் வருகிறவனோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் நீ ஓட்டுவது நீண்ட ஓட்டமே இல்லை. 220-லிருந்து வயதைக் கழித்து இதயத் துடிப்பு பார்க்கிற கணக்கை ரொம்ப நம்பாதே, ஆளுக்கு ஆள் பத்து பன்னிரண்டு துடிப்பு சாதாரணமாகத் தள்ளும்.

காரைக்குடி, வங்கி ஊழியர்: நம்ம ஊர்ல உசரம்னா குன்றக்குடி கோயில் படிதான். 1,500 மீட்டர் ஏத்தத்துக்கு எங்க போய்ப் பழகுறது?

எல்லோரும் கேட்கிற கேள்வி. எல்லோரும் தப்பான பக்கத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஏற்றத்தை இங்கேயே பழகலாம். இங்கே பழக முடியாதது இறக்கம்தான்.

ஏற்றம் என்பது காலுக்கு என்ன? நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம், நடுவில் சும்மா உருள விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பது. சமதரையில் நாம் அறியாமலே பத்து மிதிக்கு ஒருமுறை காலை ஓயவிடுகிறோம். மலையில் ஓயவிட்டால் வண்டி நின்றுவிடும். இப்போது ஆடி மாதம். அம்மியே பறக்கிற காற்றுக்கு எதிராக வண்டியைத் திருப்புங்கள், கொஞ்சம் கனமான கியரில் போடுங்கள், பெடல் நிமிடத்துக்கு 60, 65 சுற்று. சீட்டைவிட்டு எழாமல், ஒரு மிதிகூட ஓயாமல் இருபது நிமிடம். மாதக் கடைசியில் அது நாற்பது நிமிடம் ஆகட்டும். முழங்கால் முணுமுணுத்தால் கியரை இளக்குங்கள்.

செங்குத்தான குட்டி ஏற்றத்துக்குக் கண்மாய்க்கரை இருக்கிறது. உள்வாயிலிருந்து கரைமேல் ஏறுகிற மாட்டுத்தடத்தைப் பாருங்கள், பத்து பன்னிரண்டு மிதிதான், ஆனால் சரளை உதிர்ந்து கிடக்கும். சீட்டின் மூக்குக்கு நகர்ந்து உட்கார்ந்து, முழங்கையைத் தாழ்த்தி, நெஞ்சை ஹேண்டில்பார் பக்கம் கொண்டுபோனால் முன்சக்கரம் தூக்காது. எழுந்து நின்று மிதித்தீர்களோ, பின்சக்கரம் சரளையில் வழுக்கி அதே இடத்தில் சுற்றும். பத்து தடவை ஏறி இறங்கினாலே எடையை எங்கே வைப்பது என்று இடுப்புக்குப் புரிந்துவிடும். தண்ணீர் வற்றிய உள்வாய் மணலில் ஓட்டுவதும் நல்லது. மணலில் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தவன் விழுவான்.

இனி இறக்கம். நம்மூரில் நீண்ட இறக்கமே கிடையாது. அதனால் சமதரைக்காரர்கள் ஏற்றத்தில் நன்றாகவே போய்விட்டு, இறங்கும்போது கை வீங்கி, விரல் மடங்காமல், பிரேக்கைப் பிடிக்க முடியாமல் நிற்பார்கள். இருபது நிமிடம் பயத்தில் இறுக்கிப் பிடித்தால் முன்கை அப்படித்தான் கல்லாகும். போட்டிக்கு முன் இரண்டு மூன்று தடவையாவது மலைக்குப் போயே ஆக வேண்டும். திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலை நமக்குக் கைக்கெட்டிய மலை, 18 கொண்டை ஊசி வளைவு. தார் ரோடுதான், பரவாயில்லை, பிரேக் பழக அது போதும். அது சலித்த பிறகு 70 வளைவுள்ள கொல்லிமலையைப் பார்க்கலாம். காட்டுப்பாதை என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கை விடுங்கள். பார்வை வளைவு முடிகிற இடத்தில் இருக்கட்டும், முன்சக்கரத்தின்மேல் இருந்தால் அந்தக் கல்லிலேயே போய் ஏறுவீர்கள். நேர் இறக்கத்தில் இரண்டு பெடலும் சமமாக, எடை முழுக்கக் காலில், சீட்டிலிருந்து சற்றே எழுந்து. பிரேக்குக்கு ஒற்றை விரல். விடாமல் உரசிக்கொண்டே இறங்கினால் ரோட்டர், அதாவது பிரேக் பிடிக்கிற வட்டத் தகடு, கொதித்து பிடிமானம் போகும். பிடி, விடு, பிடி, விடு. வீட்டில் இருக்கிற நாளில் கம்பியைப் பிடித்துத் தொங்குங்கள், தண்டால் எடுங்கள். ஜிம் என்று தனியாக வேண்டாம்.

புதுவயல், அரிசி ஆலைத் தொழிலாளி: மண்பாதையில இறங்கினா கருவேல முள்ளு. வாரத்துக்கு ரெண்டு பஞ்சர். என்ன செய்யிறது?

அண்ணே, சீமைக்கருவேலம் இருக்கிறவரை ட்யூப் போட்ட டயரோடு நிம்மதி இல்லை. ரிம் ஒத்துக்கொண்டால் ட்யூப்லெஸ் ஆக்கிவிடுங்கள். 29 அங்குல சக்கரத்துக்கு ஒவ்வொரு டயரிலும் சுமார் 100 மில்லி சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கிற திரவம். முள் ஏறினால் பிடுங்கிவிட்டு, ஓட்டை தரையைப் பார்க்கிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வைத்தால் சில நொடியில் அடைத்துவிடும். நம்ம வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காயும். மாதம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள், உள்ளே சலசலக்கவில்லை என்றால் ஊற்ற வேண்டும்.

ட்யூப்தான் என்றால் ஒன்றே ஒன்று. புது ட்யூப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தை விரலால் சுற்றித் தடவுங்கள், மெதுவாக. வெளியே ஒடிந்துபோன முள்ளின் நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். மாற்றிய ட்யூப் பத்து நிமிடத்தில் இறங்குகிற கதை எல்லாம் இந்த நுனிதான்.

காற்றழுத்தமும் சொல்லிவிடுகிறேன். 65 கிலோ ஆளுக்கு 2.25 அங்குல ட்யூப்லெஸ் டயரில் முன்னால் 20, பின்னால் 22 பி.எஸ்.ஐ. என்று ஆரம்பியுங்கள். ட்யூப் என்றால் நாலைந்து கூட்டுங்கள். ரோட்டோரக் கடையில் கல்லாக ஏற்றித் தருகிற 50 பி.எஸ்.ஐ. சரளையில் துள்ளும்.

கண்டனூர், இல்லத்தரசி: ஆச்சி கம்மங்கூழ் குடிச்சிட்டுப் போன்னு சொல்றாக. ரெண்டு மணி நேரத்துக்கு மேல எனக்குக் குமட்டுது. என்னதான் சாப்பிடுறது?

ஆச்சி சொல்வதில் தப்பில்லை தங்கச்சி, நேரம்தான் தப்பு. கூழ் ஓட்டம் முடிந்த பிறகு குடிக்க வேண்டியது. நார்ச்சத்து உள்ளது மெதுவாகத்தான் செரிக்கும், குலுங்குகிற வயிற்றில் அது ஏன்? வெள்ளைப் பணியாரம், சீயம் எல்லாம் எண்ணெய்ப் பண்டம், அன்றைக்குக் காலையில் தொட வேண்டாம். கிளம்ப இரண்டரை மணி நேரம் முன்பு நாலு இட்லியும் சீனியும். அதைவிட நல்ல காலை உணவை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஓட்டத்தின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். முக்கால் லிட்டர் பாட்டிலில் 35 கிராம் சீனி, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. இரண்டும் சேர்ந்தால் கணக்கு சரி. கடலை மிட்டாயில் கொழுப்பு அதிகம், மெதுவான பகுதியில் கடிக்கலாம், செங்குத்து ஏற்றத்துக்கு முன் வேண்டாம். பசித்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிடும். முதல் அரை மணியிலிருந்தே, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

உங்கள் குமட்டலுக்குப் பெரும்பாலும் காரணம் வேகமும் வெயிலும். மூச்சு முட்ட மிதிக்கும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விடும், வயிற்றுக்குப் பங்கு குறையும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, சிறு சிறு வாயாகச் சாப்பிட்டுப் பாருங்கள். வயிறும் பழகக்கூடியதுதான், ஞாயிறு ஓட்டத்தில் என்ன சாப்பிட்டீர்களோ அதையேதான் போட்டியிலும். தண்ணீருக்கு, ஓடுமுன்னும் பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பாக்கி. அதற்காக வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்கவும் கூடாது, ரத்தத்தில் உப்பு இறங்கித் தலை சுற்றும், முற்றினால் உயிருக்கே ஆபத்து.

அதே சகோதரி: இன்னொன்னு, கேக்க கூச்சமா இருக்கு. சீட்டுல உக்கார முடியலை.

கூச்சமே வேண்டாம், ஆண்களும் இதையே முணுமுணுக்கிறார்கள். பேட் வைத்த ஷார்ட்ஸ் போடுங்கள், உள்ளே வேறு உள்ளாடை கூடாது, அந்தத் தையல்தான் தோலை அறுக்கிறது. மேலே தளர்ந்த பேன்ட் போட்டுக்கொள்ளலாம். பெண்களுக்கு இடுப்பெலும்பின் அகலம் பொதுவாகக் கூடுதல், வண்டியோடு வந்த சீட் பலருக்குக் குறுகல். மெத்தை கனமான சீட் வாங்காதீர்கள், அகலம் சரியானதை வாங்குங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் உயரம். விடியற்காலையில் இரண்டு பேராகப் போங்கள். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளைக் குறுக்கே பிடித்து நில்லுங்கள்.

கானாடுகாத்தான், 52 வயது: சுகருக்கு மாத்திரை சாப்பிடுறேன். நான் கலந்துக்கலாமா?

ஐயா, முதலில் டாக்டரிடம் போய் ஐந்து மணி நேர ஓட்டம் என்று சொல்லிக் கேளுங்கள், இதயப் பரிசோதனையும் சேர்த்து. சில மாத்திரைகளும் இன்சுலினும் நீண்ட ஓட்டத்தில் சர்க்கரையைத் தடாலென்று இறக்கும். அளவை மாற்றுவது அவர் வேலை, என் வேலையோ உங்கள் வேலையோ இல்லை. சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும், கூட வருகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும்.

பள்ளத்தூர், பாலிடெக்னிக் மாணவர்: லட்ச ரூபா வண்டி இல்லாம முடியாதாண்ணே?

முடியும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், மலைக்கு ஏற்ற இளகின கியர், நல்ல டயர். காசை இந்த மூன்றில் போடு. ரிம் பிரேக் வண்டியோடு மட்டும் மலை இறங்காதே. கார்பன் ஃபிரேம் பேச்செல்லாம் பிறகு.

திருப்பத்தூர், ஆசிரியர்: ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன செய்வது?

செம்மண் சேற்றில் போகாதீர்கள், பாதையும் கெடும், செயினும் கெடும். அந்த மாதங்களில் தார் ரோடுதான். நனைந்தால் அன்றைக்கே துடைத்து எண்ணெய் விடுங்கள்.

மழையைவிட நான் கவலைப்படுவது குளிரைப் பற்றி. நம்ம ஆட்கள் வெயிலுக்குப் பழகினவர்கள், தை மாத மலையின் காலைக் குளிரில் விரல் விறைத்துவிடும். மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை, முழுவிரல் கையுறை இரண்டும் கட்டாயம். குளிரில் தாகமே தெரியாது, அதனால் தண்ணீரையும் கடிகாரம் பார்த்தே குடியுங்கள்.

தேவகோட்டை மாணவர் மறுபடியும்: கடைசி ரெண்டு வாரமும், போட்டி அன்னைக்கும்?

கடைசி இரண்டு வாரத்தில் ஓட்டும் நேரத்தைப் பாதியாகக் குறை. கடினமான அந்த ஒரு நாளை மட்டும் சுருக்கமாக வைத்துக்கொள், அதையும் விட்டால் கால் மந்தமாகும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று கடைசி வாரத்தில் 70 கிலோமீட்டர் ஓட்டினால் களைப்புதான் மிஞ்சும்.

விசில் ஊதியதும் எல்லோரும் பறப்பார்கள். நீ பறக்காதே. முதல் ஒரு மணி நேரம் ஞாயிறு ஓட்டத்தின் வேகம்தான், நாலு பேர் முந்தட்டும், இரண்டாவது ஏற்றத்தில் அவர்களில் மூன்று பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதைப் பார்ப்பாய். நீயும் தள்ளலாம், செங்குத்தில் மிதித்துத் தீர்ந்துபோவதைவிடத் தள்ளி நடப்பது லாபம்.

முந்தின நாள் பிரேக் பேடைப் பார், தேய்ந்திருந்தால் மாற்றி, புதுசைக் கொஞ்சம் ஓட்டிப் பழக்கு. ட்யூப் ஒன்று, பம்ப், டயர் லீவர், மல்ட்டிடூல், செயின் லிங்க் எல்லாம் பையில். நம்பர் அட்டையைக் கட்டும்போது கேபிளோடு சேர்த்து இறுக்கிவிடாதே, கியர் மாறாது. கட்டி முடித்து எல்லாக் கியரையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டுத் தூங்கு.