உதட்டில் கொப்புளம்: பிள்ளையைக் கொஞ்சலாமா?

கேள்வி: காய்ச்சல் வந்தாலும் சரி, மார்ச் வெயிலில் கொழுந்து பறித்தாலும் சரி, எனக்கு உதட்டோரத்தில் கொப்புளம் போட்டுவிடும். இப்போதும் வந்திருக்கிறது. மாமி உடம்புச் சூடு என்கிறார், பக்கத்து லயத்து அக்கா பல்லி எச்சம் பட்டது என்கிறார். மகனுக்கு ஒரு மாதம்தான் ஆகிறது. அவனுக்கு ஒட்டுமா? வராமல் தடுக்க முடியாதா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: ஒட்டும். பொருக்கு உதிர்ந்து தோல் முழுதாக ஆறும்வரை பிள்ளைக்கு முத்தம் வேண்டாம். நீங்கள் மட்டுமில்லை, பார்க்க வருகிறவர்களில் யாருக்கு உதட்டில் புண் இருந்தாலும் சிரித்தபடியே சொல்லிவிடுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். நமக்குப் பத்து நாளில் ஆறிவிடுகிற சங்கதி, பிறந்து சில வாரமான குழந்தைக்கு மூளை, ஈரல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் அசந்தே கிடப்பது, உடம்பில் கொப்புளம், இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மார்பில் புண் இல்லாவிட்டால் தாராளமாகக் கொடுக்கலாம், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி மாஸ்க் கட்டிக்கொண்டால் போதும்.

பல்லியை விட்டுவிடுங்கள், பாவம். இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ். உலகில் 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் நூற்றுக்கு 64 பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பெரும்பாலும் சின்ன வயதில் யாரோ கொஞ்சியதில் வந்து, முகத்து நரம்பின் வேர்முடிச்சில் பதுங்கிக்கொள்ளும், அப்புறம் போகவே போகாது. காய்ச்சல், வெயில், களைப்பு, மாதவிடாய் என்று ஏதாவது ஒன்று வந்தால் தலைதூக்கும். அந்த வகையில் மாமி சொல்கிற சூட்டிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது!

நம் மலைப்பக்கம் குளிராக இருப்பதால் வெயிலை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 வீதம் கூடும். மறுபடி மலைக்கு ஏறும்போது தலைத்துணியை நெற்றிக்கு முன்னால் இழுத்துக் கட்டி, எஸ்.பி.எஃப் 30 உள்ள லிப் பாம் பூசுங்கள்.

கொப்புளம் தெரியுமுன்பே உதட்டில் சுருசுருவென்று ஒரு குறுகுறுப்பு வருமே, அதுதான் அசைக்ளோவிர் கிரீம் பூச வேண்டிய நேரம். நாளுக்கு ஐந்து தடவை, ஐந்து நாள். உடைந்த பிறகு பூசிப் பெரிய பலனில்லை. பால் கொடுப்பதைப் பார்மசியில் சொல்லியே வாங்குங்கள். பற்பசை, சுண்ணாம்பெல்லாம் வேண்டாம், தோல்தான் வெந்துபோகும். புண்ணைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்காதீர்கள், கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். தேத்தண்ணிக் கோப்பையும் துவாயும் ஆறும்வரை தனியாக இருக்கட்டும். அடிக்கடி வந்து தொல்லை கொடுத்தால் மாத்திரையும் உண்டு, அதை வைத்தியர் பார்த்துத்தான் தர வேண்டும்.