எந்தப் பெட்டி வாங்கலாம்? ஃபைபர் ஆபரேட்டர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கேபிள் டிவியிலிருந்து ஃபைபர் இன்டர்நெட்டுக்கு மாறி 400 இணைப்புகள் கொடுத்திருக்கிறோம். வீட்டில் ஃபைபர் சிக்னலை வாங்கி இன்டர்நெட்டும் வைஃபையும் தரும் பெட்டிகளில், விலை குறைந்த எக்ஸ்பான் ரகத்தைத்தான் போட்டோம். "நெட் அடிக்கடி கட் ஆகுது" என்று தினமும் போன் வருகிறது. அடுத்து வாங்கப்போகும் 200 பெட்டிகளை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
– ஓர் ஆபரேட்டர், திருச்செங்கோடு

பதில்: பெட்டியை மாற்றுவதற்கு முன் அடாப்டரைச் சோதியுங்கள். மேலே 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். வைஃபையில் நாலைந்து போன்கள் வீடியோ ஓட்டும்போது வோல்டேஜ் இறங்கும், பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். வாடிக்கையாளர் அதைத்தான் "கட் ஆகுது" என்கிறார். மல்டிமீட்டரை வைத்து, லோடு இருக்கும்போது அளந்து பாருங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்த அடாப்டர் வேண்டாம். பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சிடாத அடாப்டரையும் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த எதிரி வெப்பம். மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போது ஏறக்குறைய பாதியாகும். நம் வீடுகளில் பெட்டி செட்டாப் பாக்ஸ் மேலேயோ பரணிலோதான் உட்கார்ந்திருக்கும். மாதிரிப் பெட்டி ஒன்றைத் திறந்து பாருங்கள். மின்தேக்கிகளில் 105 டிகிரி என்று இருக்க வேண்டும்; 85 என்றிருந்தால் நம் சித்திரை வெயிலுக்கு அது சரிப்படாது. சிப் மேல் ஹீட் சிங்க் இருக்கிறதா, உறையில் காற்றுத் துளை போதுமா என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது, உங்கள் ஓஎல்டியோடு (உங்கள் பக்கத்திலிருந்து எல்லா வீட்டுப் பெட்டிகளையும் ஃபைபர் வழியே இயக்கும் தலைமைக் கருவி) பொருத்தம். ஜிபான் என்பது ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் முறை; எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான தரம்தான். ஆனாலும் வேறு கம்பெனிப் பெட்டியை மாட்டினால் ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக எரியும், போக்குவரத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் விலான் அமைப்பு மட்டும் பெட்டியில் இறங்காது. அல்லது அலுவலகத்திலிருந்து வைஃபை பாஸ்வேர்டை மாற்ற முடியாது. அதற்கும் ஆள் அனுப்ப வேண்டிவரும். எக்ஸ்பான் பெட்டி, எதிரே இருப்பது ஜிபானா, அதைப் போன்ற இன்னொரு முறையான ஈபானா என்று தானே கண்டுபிடிக்கும். உங்கள் ஓஎல்டி ஜிபான் என்றால் அதையே நிரந்தரமாகப் பூட்டி வைக்கும் வசதி உள்ளதை எடுங்கள். டையிங் காஸ்ப் வசதியையும் கேட்டு வாங்குங்கள். மின்சாரம் போகும் கணத்தில் பெட்டி ஓஎல்டிக்குக் கடைசியாக ஒரு தகவல் அனுப்பிவிட்டு அணையும். கரண்ட் கட்டா, ஃபைபர் கட்டா என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். விலையில் 100 ரூபாய் கூடினாலும் இதற்குக் கொடுக்கலாம். ஒரு வீண் நடையின் பெட்ரோலும் ஆள்கூலியும் அதைவிட அதிகம்.

இரண்டு மாடலில் ஐந்தைந்து பெட்டி வாங்கி இரண்டு வாரம் ஓட்டுங்கள். டைமர் வைத்து ஒரு நாளில் 50 முறை மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் தானாக லாகின் ஆகி நெட் வர வேண்டும். பிறகு ஆர்டரில் மாடல் பெயரோடு ஹார்டுவேர் வெர்ஷன், ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்) வெர்ஷன் இரண்டையும் எழுதுங்கள். பெயர் அதேதான் இருக்கும், அடுத்த லாட்டில் சிப் மாறியிருக்கும்.

கேள்வி: 200 எம்பிபிஎஸ் பிளான் கொடுத்தும் சில வீடுகளில் 94-க்கு மேல் ஏறவில்லையே?

பதில்: அந்தப் பெட்டிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். பாக்கெட் தலைப்புகள் போக 94 அளவில்தான் கிடைக்கும். ஜிகாபிட் போர்ட் இருந்தும் அதே எண் வந்தால் கேபிளைப் பாருங்கள். எட்டுக் கம்பியில் ஒன்று விட்டுப்போனாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடலாம். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பெட்டியை 50 எம்பிபிஎஸ்ஸுக்கு மேற்பட்ட பிளானுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு வீட்டில் பழைய பெட்டியை மாட்டியதும் தெருவில் 30 வீட்டுக்கு நெட் போய்விட்டது. ஒரு பெட்டியால் இப்படி ஆகுமா?

பதில்: ஆகும். ஜிபானில் ஒவ்வொரு பெட்டியும் ஓஎல்டி ஒதுக்கிய நேரத்தில் மட்டும் 1310 நானோமீட்டரில் ஒளி அனுப்ப வேண்டும். லேசர் பழுதாகி இடைவிடாமல் எரிந்தால், அதே ஸ்ப்ளிட்டரில் (ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் கருவி) உள்ள மற்றவர்களின் சிக்னல் எல்லாம் அதில் மூழ்கிப்போகும். ஸ்ப்ளிட்டரின் வெளிக் கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மற்றவர்களுக்கு நெட் வருகிறதோ, அந்த வீட்டுப் பெட்டிதான் குற்றவாளி. அதை ரிப்பேர் செய்து திரும்பவும் லைனில் போடாதீர்கள்.

கேள்வி: ஃபைபரில் வரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் எவ்வளவு வந்தால் பெட்டி நிம்மதியாக ஓடும்?

பதில்: பி பிளஸ் வகைப் பெட்டி மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அளவு) வரை ஏற்கும். வீட்டில் மைனஸ் 24-க்குக் கீழே போகவிடாதீர்கள். ஃபைபரில் பின்னால் போடும் ஒவ்வொரு ஒட்டும் கொஞ்சம் ஒளியைத் தின்னும். ஓஎல்டியில் பிளஸ் 3, 32-க்கான ஸ்ப்ளிட்டரில் ஏறக்குறைய 17.5, ஐந்து கிலோமீட்டர் ஃபைபரில் ஒன்றரை, கனெக்டர்களில் இரண்டு என்று கழித்தால் மைனஸ் 18 வர வேண்டும். மைனஸ் 26 காட்டினால் பச்சைக் கனெக்டரை நீலப் போர்ட்டில் செருகியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். முனை வெட்டு வேறு என்பதால் அது ஒட்டாது. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் கேபிளின் தாங்கு கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்துங்கள். இடி மின்னல் நாளில் அந்தக் கம்பி வழியாகவே பெட்டிகள் போவதுண்டு.

கேள்வி: பெட்டிகளை அலுவலகத்திலிருந்தே நிர்வகிக்க டிஆர்-069 (தூரத்திலிருந்தே பெட்டியின் அமைப்புகளை மாற்றும் முறை) போட்டால் ஆபத்து உண்டா?

பதில்: போடுங்கள், ஆனால் அது பயன்படுத்தும் 7547 என்ற எண்ணுள்ள இணைய வாசலை, அதாவது போர்ட்டைப் பொது இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு தடைபட்டது, அந்தப் போர்ட்டைக் குறிவைத்த தாக்குதலால்தான். நிர்வாகத்துக்குத் தனி விலான், ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அட்மின் பாஸ்வேர்டு. ஃபர்ம்வேர் திருத்தத்தை எத்தனை ஆண்டு தருவார்கள் என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்காமல் 200 பெட்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.