விகடகவியைத் திருப்பினால் ஏன் உடைகிறது?

பைத்தான் நிரல்மொழியில் நீங்கள் எழுதிய மாலைமாற்று (முன்பின் எப்படிப் படித்தாலும் ஒன்றாக வரும் சொல்) விளையாட்டு, ‘விகடகவி’க்கு ‘இல்லை’ என்கிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் லாஜிக்கில் தப்பில்லை. பைத்தான் எழுத்தை எண்ணவில்லை, யூனிகோட் குறிகளை (கணினி எழுத்தைச் சேமிக்கும் எண்களை) எண்ணுகிறது. ‘விகடகவி’ நமக்கு 5 எழுத்து, அதற்கு 7. ‘வி’ என்பது வ, மேல்விலங்கு என இரண்டு குறிகள். ஸ்டிரிங்கை (எழுத்துத் தொடரை) அப்படியே திருப்பும்போது விலங்கு வ-வுக்கு முன்னால் போய்விடுகிறது. அதனால்தான் உங்கள் மாலைமாற்று விளையாட்டு ‘இல்லை’ என்கிறது.

முதலில் நீளத்தைச் சொல்லும் லென் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். 7 வந்தால் காரணம் இதுதான். அப்புறம் ஓப்பன்-தமிழ் லைப்ரரியில் உள்ள கெட்_லெட்டர்ஸ் என்ற கட்டளை வழியாக எழுத்துகளைப் பட்டியலாகப் பிரித்து, அந்தப் பட்டியலைத் திருப்புங்கள். அதே பட்டியலின் நீளம்தான் சரியான எழுத்து எண்ணிக்கையும்.

தரமணி ஆபீஸில் பக்கத்து சீட்டு நண்பர், வெள்ளிக்கிழமை 10:30-க்கு மேல் ராகுகாலம், அப்போது ரன் செய்ததால்தான் என்றாராமே. என் அம்மாவும் ராகுகாலம் பார்ப்பவர்தான், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் மதியம் 2 மணிக்கு ரன் செய்தாலும் அதே 7 வரும், நீங்களே பாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ‘கொ’ போன்றவற்றில் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் பொருந்தாது. ஆட்டக்காரர் தட்டியதை முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிடுங்கள். க்ஷ, ஸ்ரீ ஒரு எழுத்தா இரண்டா என்பதை மட்டும் விதியிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.